ஒன்பது மதிப்பெண் வாங்கிய மூச்சக்கா

அந்த மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவளுக்கு மூச்சக்கா என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை; கூப்பிட்டால் என்ன கிடைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். இருபத்தாறு வருடமாக ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் "மூச்ச இழுங்க, பிடிங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லி அந்தத் தொனி அவளோடு வீடு வரை போய்விட்டது. ஒருமுறை குடும்பத்தோடு போட்டோ எடுக்க நின்றபோது, கேமராக்காரர் வாய் திறப்பதற்குள் இவள் "பிடிங்க" என்றாள். படத்தில் பதினெட்டுப் பேரும் கன்னம் உப்பி நிற்கிறார்கள்.

இரக்கசாலி என்று அவளை யாரும் சொன்னதில்லை. அழுகிறவர்களிடம், "அழுதா நெஞ்சு ஆடும், படம் கலங்கும், முடிச்சுட்டு அழுங்க" என்பாள். உடன் வந்தவர்களிடம் இன்னும் மோசம். அந்த மருத்துவமனையில் நோயாளி எங்கே போனாலும் உடன் வந்தவரும் போவார். டாக்டர் எங்கே வலிக்கிறது என்று கேட்டால், மனைவியின் முழங்காலைப் பற்றிக் கணவன் விரிவாகப் பேசுவான். முழங்காலுக்குச் சொந்தக்காரி மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நடைபாதையின் கடைசியில், ஜன்னல் இல்லாமல், கதவுக்கு மேல் சிவப்பு விளக்கோடு இருந்த எக்ஸ்ரே அறையில் மட்டும் அந்த வழக்கம் செல்லாது. அங்கே ஒரு பெண் தன் குடும்பத்தார் யாரும் இல்லாமல் ஐந்து நிமிடம் தனியாக இருக்க முடிந்தது. அந்த ஏற்பாட்டைச் செய்தது பெண்ணுரிமை அல்ல, கதிர்வீச்சு.

எலும்பு பொய் சொல்லாது என்று டாக்டர்கள் மேடையில் முழங்குவார்கள். நன்றாகச் சொல்லும். ஆனால் மனிதர்கள் அளவுக்குச் சரளம் போதாது. கால் வழுக்கி விழுகிறவர் தரையில் கையை ஊன்றுகிறார். பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கம் உடைகிறது. வருகிற அடியைத் தடுக்கிறவர் முன்கையை முகத்துக்கு நேரே தூக்குகிறார். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நடுவில் உடைகிறது. இதை மூச்சக்காவுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் ஒரு பெண் அடுத்தடுத்து மூன்று முறை வந்தாள். மாடிப்படி, குளியலறை, மறுபடி மாடிப்படி. "பாத்து நடக்கக் கூடாதா?" என்று மூச்சக்கா அவளைத் திட்டி அனுப்பினாள். நான்காம் முறை அவளை எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுவரவில்லை. அதையும் தாண்டிப் பின்கட்டில் இருந்த பிணவறைக்குக் கொண்டுபோனார்கள். அவள் வீட்டுக்கு மாடியே கிடையாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதன் பிறகு மூச்சக்கா யாரையும் பார்த்து நடக்கச் சொன்னதில்லை.

ஆகவே, குடும்ப வன்முறையை அடையாளம் காண எல்லா ஊழியர்களுக்கும் இரண்டு நாள் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தபோது அவள் சந்தோஷப்பட்டாள். அவள் வாழ்க்கையில் வெட்கப்பட வேண்டிய தருணங்களில் அதுவும் ஒன்று.

பயிற்சியாளர் கோட்டுப் போட்டிருந்தார். எந்த வாக்கியத்தையும் "நண்பர்களே" என்று தொடங்கி, முடிப்பதற்குள் அடுத்த படத்துக்குத் தாவினார். திரையில் ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த படத்தில் வேறொரு பெண், வேறொரு மூலை. உலகத்தில் இத்தனை மூலைகள் இருக்கின்றனவா என்று மூச்சக்காவுக்கு வியப்பாக இருந்தது. அடிக்கிறவன் எந்தப் படத்திலும் இல்லை. ஒன்றில் மட்டும் ஒரு முஷ்டி வந்தது, உடம்பு இல்லாமல்.

பிறகு நடித்துக் காட்டும் பயிற்சி. மருந்தகக்காரர் கணவன், தலைமை நர்ஸ் மனைவி. மருந்தகக்காரர் தள்ளாடிக்கொண்டு வந்து, கையில் இல்லாத பாட்டிலை ஆட்டினார். கூடம் சிரிப்பில் குலுங்கியது. மனைவியை அடிப்பவன் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, உளறிக்கொண்டு வருவான் என்று அன்று அத்தனை பேர் மனதிலும் ஆணி அடித்தது போல இறங்கியது. மூச்சக்கா கையைத் தூக்கி, முன்கை எலும்பு விஷயத்தைச் சொல்லப் பார்த்தாள்.

"அருமையான கருத்து நண்பரே," என்றார் பயிற்சியாளர். "கேள்வி நேரத்துக்கு வச்சுக்கலாம்."

கேள்வி நேரத்தில் குழுப்படம் எடுத்தார்கள்.

இடையில் ஒரு பட்டியலும் கொடுத்தார்கள், வீட்டில் போய் நிரப்பிப் பார்க்க. மூச்சக்காவின் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். வாயில் இருந்து வார்த்தையைப் பிடுங்க வேண்டும். மற்றவருடைய சட்டையைத் தேர்ந்தெடுப்பவர் யார்? மூச்சக்கா. மற்றவருடைய போனை எடுத்துப் பார்ப்பவர் யார்? மூச்சக்கா. குரலை உயர்த்துபவர்? கேட்கவே வேண்டாம். கூட்டிப் பார்த்தால் பதினொன்று வந்தது. எட்டுக்கு மேல் வந்தால் உடனே உதவி நாடவும் என்று கீழே போட்டிருந்தது.

"இந்தா பாருங்க, நான் உங்களைக் கொடுமைப்படுத்துறேனாம்," என்று நீட்டினாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார். "பன்னெண்டு," என்றார். "ஒண்ணை விட்டுட்ட. தண்ணி கேட்டா, கால் இல்லையான்னு கேப்பியே."

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அது பயந்துகொண்டு சிரிக்கிற சிரிப்பு அல்ல. பயந்த சிரிப்பை அவள் தினமும் எக்ஸ்ரே அறை வாசலில் பார்க்கிறாள். இரண்டையும் பிரித்துக் காட்டுகிற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை.

இரண்டாம் நாள் தேர்வு. இருபது கேள்வி, பன்னிரண்டு வாங்கினால் தேர்ச்சி. ‘பாதிக்கப்பட்டவர் எப்படித் தோற்றமளிப்பார்?’ என்பதற்கு, கொடுத்திருந்த நான்கு விடையையும் அடித்துவிட்டு, ‘யார் மாதிரி வேண்டுமானாலும்’ என்று எழுதினாள். ஒன்பது மதிப்பெண். தலைமை நர்ஸுக்கு இருபது. தேறியவர்களுக்கெல்லாம் ‘என்னிடம் சொல்லலாம்’ என்று எழுதிய ஊதாநிற வில்லை கிடைத்தது. மாவுக்கட்டுப் போடுகிறவர் முதல் வண்டி தள்ளுகிறவர் வரை எல்லார் நெஞ்சிலும் அது மின்னியது. மூச்சக்காவுக்குக் கிடையாது. அவளிடம் சொல்லக் கூடாது என்று அதற்கு அர்த்தம்.

பயிற்சியின் கனியாக ஒரு படிவம் பிறந்தது. அதற்கென்று ஒரு குழு மூன்று முறை கூடி, அதன் ஊதா நிறம் வெளிறியதா அடர்ந்ததா என்று இரண்டு கூட்டம் விவாதித்தது. எலும்பு முறிவோ காயமோ என்று வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் ஆறு கேள்வி கேட்டு, ‘ஆம்’, ‘இல்லை’ என்று குறிக்க வேண்டும். முதல் கேள்வி, ‘வீட்டில் யாராவது உங்களை அடிக்கிறார்களா?’ எல்லாம் சரி. ஆனால் அங்கே உடன் வந்தவர் கையெழுத்துப் போடாத காகிதமே கிடையாது. குடல்வால் அறுவைக்கும் அவர்தான், படுக்கை விரிப்பு வாங்கவும் அவர்தான். அந்தப் பழக்கத்தில் இதன் கீழேயும் ‘உடன் வந்தவர் கையொப்பம்’ என்று ஒரு கோடு விழுந்துவிட்டது. குழுவில் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேருக்கும் கண் இருந்தது.

மூச்சக்கா அதை எடுத்துக்கொண்டு நிர்வாக அதிகாரியிடம் போனாள்.

"கையெழுத்து இல்லாத பேப்பருக்கு மதிப்பில்லம்மா," என்றார் அவர்.

"அடிக்கிறவனே கையெழுத்துப் போட்டா மதிப்பு வந்துடுமா சார்?"

"எல்லாப் புருஷனும் அடிக்கிறவனா? நீங்க ஏன் எதையும் தப்பாவே பாக்குறீங்க? போங்க. ஆயிரம் பிரதி வந்து இறங்கிடுச்சு."

படிவம் வந்த இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, கணக்கு டீச்சர் ஒருத்தி இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு வந்தாள். கூட வந்த கணவன் காப்பீட்டு முகவர். இந்த மருத்துவமனை அவனுக்குப் புதிதல்ல. வந்த இரண்டு முறையிலேயே எல்லாருக்கும் செல்லப்பிள்ளையாகிவிட்டான். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. வரிசையில் நின்ற கிழவர் ஒருவருக்கு எங்கிருந்தோ நாற்காலி கொண்டுவந்து போட்டான். பதிவு மேசைப் பெண்ணுக்கு அவன் தம்பி, தலைமை நர்ஸுக்குப் பிள்ளை மாதிரி.

பதிவு மேசைப் பெண்ணின் நெஞ்சிலும் வில்லை இருந்தது. குரலும் இருந்தது. இருபது பேர் காதில் விழுகிற மாதிரி கேட்டாள். "ஒண்ணாவது கேள்விம்மா. வீட்ல யாராவது அடிக்கிறாங்களா? ஆமாவா, இல்லையா?"

டீச்சர் பதில் சொல்வதற்குள் கணவன் முந்திக்கொண்டான். "அடி வாங்குறது நான்தான் அக்கா! அதுக்கு ஒரு ஃபாரம் இருந்தா குடுங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. நாற்காலிக் கிழவர் அதிகம் சிரித்தார்.

"அவளுக்குக் கை வலிக்கும், நான் எழுதிடுறேன்," என்று பேனாவை வாங்கி, அழகான கையெழுத்தில் ஆறு ‘இல்லை’ போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். பதிவு மேசைப் பெண் முத்திரை குத்தினாள். அந்த மாதம் அதுவரை ஒரு படிவம்கூடப் பாக்கி இல்லை என்பதில் அவளுக்கு ரொம்பப் பெருமை.

எக்ஸ்ரே சீட்டோடு சேர்த்துக் குத்தியிருந்த அந்தப் படிவத்தை மூச்சக்கா வாசலிலேயே படித்தாள்.

"நானும் உள்ள வரட்டுமா அக்கா? தனியா இருந்தா பயப்படுவா," என்றான் கணவன்.

"கதிர் படும்."

"எனக்குப் பரவாயில்லக்கா."

"உங்களுக்குப் பரவாயில்ல. எனக்கு வேலை போயிடும். தள்ளி நில்லுங்க." கதவைச் சாத்தி, உள்ளே தாழ் போட்டு, சிவப்பு விளக்கைப் போட்டாள்.

முன்பக்கம் ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். திரையில் பார்த்தாள். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, சரியாக நடுவில். பழைய பதிவைத் திறந்தாள். போன வருடம் விரல். அதற்கு முந்தின வருடம் கழுத்துப்பட்டை எலும்பு.

"எந்தக் கையில எழுதுவீங்க டீச்சர்?"

"வலது."

"உடைஞ்சது இடது. ஃபாரத்துல எழுத்து அவரோடது."

டீச்சர் இடது கையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"கீழ விழுந்தா இந்த எலும்பு இந்த இடத்துல உடையுறது ரொம்ப அபூர்வம்," என்றாள் மூச்சக்கா. "நீங்க எனக்கு எதுவும் சொல்ல வேணாம். நான் கேக்கவும் மாட்டேன். நான் பரீட்சையில ஃபெயிலு. என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க."

டீச்சர் மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்த மூச்சக்காவுக்கு ஏமாற்றம். "எவ்வளவு நேரம் கிடைக்கும்?"

"எவ்வளவு வேணும்?"

"எங்கக்கா இங்க வர முப்பத்தஞ்சு நிமிஷம். ரயில்வே கேட் போட்டிருந்தா நாப்பது." இந்தக் கணக்கை அவள் எப்போதோ போட்டு வைத்திருக்கிறாள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. "போன் அவர்கிட்ட இருக்கு. நம்பர் எனக்கு மனப்பாடம்."

மேசைமேல் இருந்த தொலைபேசியை மூச்சக்கா நகர்த்தி வைத்தாள். டீச்சர் எண்களை அழுத்தி, "அக்கா, நான்தான். அதே ஆஸ்பத்திரி. இன்னைக்கு," என்று மட்டும் சொன்னாள். மறுமுனையில் கேள்வியே இல்லை.

"பின்னாடி இருட்டறைக்குள்ள ஒரு கதவு இருக்கு," என்றாள் மூச்சக்கா. "ஃபிலிம் கழுவுற காலத்துல மருந்து டப்பா இறக்குறதுக்கு வச்சது. முற்றத்துக்குப் போகும். அங்க வரச் சொல்லுங்க."

பத்தாவது நிமிடம் கணவன் கதவைத் தட்டினான். மூச்சக்கா தலையை மட்டும் நீட்டினாள். "அசைஞ்சுட்டாங்க. மறுபடி எடுக்கணும்."

"நான் வந்து பிடிச்சுக்கட்டுமாக்கா?"

"பிடிச்சது போதும்." கதவு மூடியது. உள்ளே எந்தப் படமும் எடுக்கவில்லை. அட்டையை வெட்டி, பஞ்சு வைத்து, அந்தக் கைக்கு மட்டைக்கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பதினெட்டாவது நிமிடம் மறுபடி தட்டினான். "மெஷின் சூடு, ஆறணும்." அவன் பொறுமையாகத் தலையாட்டினான். பொறுமையான மனிதன்தான்.

இருபத்திரண்டாவது நிமிடம் தலைமை நர்ஸ் வந்தாள். "கதவைத் திறங்க! பாவம், அந்தத் தம்பி எவ்வளவு நேரமா தவிச்சுட்டு நிக்குது!" திறக்காமல் அவளை நிறுத்திவைத்தால் மேலே போய்ச் சொல்லுவாள் என்பதால் மூச்சக்கா திறந்தாள். தலைமை நர்ஸ் உள்ளே வந்தாள். கதவைச் சாத்தவில்லை. டீச்சரைப் பார்த்தாள், மட்டைக்கட்டைப் பார்த்தாள், மூச்சக்காவின் முகத்தைப் பார்த்தாள். இருபதுக்கு இருபது வாங்கிய மூளை மெல்ல வேலை செய்தது. சட்டென்று குரலைக் குழைத்து, பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி அரையடி குனிந்து, வில்லை தெரிகிற மாதிரி நின்று கேட்டாள்.

"அம்மா, நீங்க வீட்ல பாதுகாப்பா உணர்றீங்களா?"

அவள் முதுகுக்குப் பின்னால், திறந்த கதவில், கணவன் நின்றான்.

"நல்லா இருக்கேன் சிஸ்டர்," என்றாள் டீச்சர். அப்போது சிரித்தாள். மூச்சக்காவுக்குத் தெரிந்த அந்தச் சிரிப்பு.

அவன் சிரிக்கவில்லை. "எந்திரி," என்றான், ரொம்ப மெதுவாக. "வேற ஆஸ்பத்திரிக்குப் போலாம்." உள்ளே ஓர் அடி வைத்தான்.

மூச்சக்கா எக்ஸ்ரே மேடையின் விசையை அரைவாசி அழுத்தினாள். அரைவாசியில் கதிர் வராது. உள்ளே ஏதோ சுழலும், நீளமாக ஓர் உறுமல் மட்டும் கேட்கும். அவள் கத்தினாள். "கதிர் ஓடுது! வெளிய போங்க, எல்லாரும் வெளிய!"

இருபத்தாறு வருடமாக அந்த அறைச் சுவரைத் தொட்டாலே கேடு என்று நம்பி, நடைபாதையில் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடந்த தலைமை நர்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பறந்தாள். போகிற வேகத்தில் கணவனையும் தள்ளிக்கொண்டு போனாள். அவனும் தன் உடம்பின்மேல் அக்கறை உள்ளவன், எதிர்க்கவில்லை. மூச்சக்கா தாழைப் போட்டாள். அந்த நிறுவனத்தின் அறியாமை அவளுக்கு உதவியது அந்த ஒரு தடவைதான்.

அதன் பிறகு அவன் தட்டியது தட்டு அல்ல, அடி. டீச்சர் ஒவ்வோர் அடிக்கும் தோளைக் குறுக்கிக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தாள். மூச்சக்கா வேறு எதுவும் தோன்றாமல், "மூச்ச இழுங்க," என்றாள். "பிடிங்க. விடுங்க. இன்னொரு தடவை." முப்பத்தெட்டாவது நிமிடம் முற்றத்தில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. இருட்டறைக் கதவின் துருப்பிடித்த தாழ்ப்பாளை இருவரும் மூன்று கையால் இழுத்துத் திறந்தார்கள்.

ஹெல்மெட் போட்ட ஒரு தடித்த பெண் நின்றாள். கட்டைப் பார்த்ததும் அவளுக்கு வாய் அடங்கவில்லை. "ரெண்டு வருஷமா தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனேடி, எத்தனை தடவை..."

"கணக்கு அப்புறம் பாக்கலாம்க்கா. வண்டியை எடு," என்றாள் கணக்கு டீச்சர்.

ஸ்கூட்டர் சந்தில் திரும்பும்வரை பார்த்துவிட்டு மூச்சக்கா உள்ளே வந்து, சிவப்பு விளக்கை அணைத்துக் கதவைத் திறந்தாள்.

"படம் எடுத்தாச்சு," என்றாள்.

அவன் அறையை ஒரு சுற்றுப் பார்த்தான். "அவ எங்க?"

"போயிட்டாங்க."

"எங்க?"

"அது படத்துல வரல."

முதல் முறையாக அவன் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை. கூப்பிட்ட வார்த்தை நடைபாதை முழுக்கக் கேட்டது. மேசையில் இருந்த தொலைபேசியைத் தூக்கி எறிந்தான். மூச்சக்கா கையைத் தூக்கினாள். அவள் முன்கையில் பட்டுக் கீழே விழுந்தது. உடையவில்லை, கையும் போனும். மாவுக்கட்டுக்காரரும் வண்டி தள்ளுகிறவரும் ஓடிவந்தார்கள். ஊதா வில்லைகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடின. கூடி, அவனை நாற்காலியில் உட்கார வைத்தன. தலைமை நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள். அரையடி குனிந்து, குழைந்த குரலில், "நாங்க உங்களை நம்புறோம் தம்பி, மெதுவா சொல்லுங்க," என்றாள். பயிற்சி வீண் போகவில்லை. ஆள்தான் மாறிப்போனான்.

மாலையில் நிர்வாக அதிகாரி கூப்பிட்டார். மேசைமேல் அந்த ஊதாப் படிவம் இருந்தது.

"ஆறுக்கும் இல்லைன்னு இருக்கும்மா. கையெழுத்து இருக்கு, முத்திரை இருக்கு. பிறகு எதுக்கு நீங்க பின்வாசல் வழியா அனுப்பினீங்க?"

"எலும்பு ஆமான்னு சொல்லுச்சு சார்."

"எலும்புக்கு இதுல கட்டம் இல்ல." அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். நல்ல மனிதர், கட்டம் இருந்திருந்தால் நிரப்பியிருப்பார். எழுத்தில் விளக்கம் தரச் சொன்னார். அதோடு, தேர்ச்சி பெறாததால்தான் இப்படி நடந்தது என்று தெளிவாகத் தெரிவதால், அடுத்த மாதம் அதே பயிற்சிக்கு மறுபடி இரண்டு நாள் போக வேண்டும் என்றும் உத்தரவு. அந்தக் காலாண்டில் குடும்ப வன்முறை ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்று மேலிடத்துக்கு அறிக்கை போகவிருந்தது. பாராட்டுக் கடிதம் வரும் என்று பேச்சு.

மறுநாள் மத்தியானம் எக்ஸ்ரே அறைத் தொலைபேசி அடித்தது. டீச்சரின் அக்கா.

"கட்டுப் போட்டாச்சுங்க, இங்க ஒரு டாக்டர்கிட்ட. நேத்து சாயங்காலத்துல இருந்து தூங்கினா. இப்பதான் எந்திரிச்சு என் பையன் நோட்டுல தப்புக் கண்டுபிடிச்சுட்டு இருக்கா. டாக்டர் பழைய படமெல்லாம் கேக்குறார், வக்கீலும் கேக்குறார். நான் அங்க வந்து வாங்கிக்கட்டுமா? வாசல்ல யார்கிட்டயாவது கேட்டா காட்டுவாங்கல்ல?"

முன்கை நீலமாக வீங்கியிருந்தது. மூச்சக்கா போனை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"வராதீங்க. யார்கிட்டயும் கேக்காதீங்க. விலாசம் சொல்லுங்க, மூணு தடவை எடுத்ததையும் தேதியோட நானே கொண்டாந்து குடுக்குறேன்," என்றாள். "இங்க எல்லாருக்கும் பயிற்சி குடுத்திருக்காங்க."